எழுதிச் சம்பாதிப்பது எப்படி என்று எழுதிச் சம்பாதிப்பவர்கள்

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் எட்டு மாதமாக இணையத்தில் எழுதுகிறார். குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய விஷயம். கூடவே, இணையத்தில் எழுதி ஜெயிப்பது எப்படி என்று எழுதும் நாலைந்து பேரை விடாமல் படித்து வருகிறார். தினமும் எழுது என்றார்கள், எழுதினார். தலைப்பில் எண் வை என்றார்கள், வைத்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாக உடை என்றார்கள், உடைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாலைந்து பேரில் ஒருவர் 300 டாலருக்கு ஆறு வார வகுப்பு நடத்துகிறார். அதில் சேரலாமா, இல்லை தப்பு என் எழுத்தில்தானா என்பது கேள்வி.

சேர வேண்டாம். இப்போதைக்காவது வேண்டாம். உங்கள் எழுத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த அறிவுரைத் தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாததால்தான் பாதிப் பேர் தங்களையே குறை சொல்லிக்கொண்டு எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிலர் சொல்லலாம், பெரும்பாலோர் சொல்வதில்லை. இதைச் செய்தேன், இவ்வளவு வந்தது என்கிறார்கள். வந்திருக்கும். ஆனால் எதைப் பற்றி எழுதியபோது வந்தது என்பதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். எழுதுவதைப் பற்றி எழுதியபோது வந்தது. நீங்களோ பின்னங்களைப் பற்றி எழுதுகிறீர்கள்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். நான் பழைய சுவர்க் கடிகாரங்களைப் பழுதுபார்ப்பது பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஊசல் கடிகாரத்தில் ஒரு கோளாறு உண்டு. நன்றாக ஓடும் கடிகாரத்தைக் கழற்றி வேறு சுவரில் மாட்டினால் பத்து நிமிடத்தில் நின்றுபோகும். காதை வைத்துக் கேட்டால் டிக், டாக் இரண்டும் ஒரே இடைவெளியில் வராது, நொண்டும். உள்ளே ஊசலைத் தள்ளிவிடும் கம்பி ஒன்று இருக்கிறது. அதை மயிரிழை வளைத்தால் சரியாகிவிடும். எந்தப் பக்கம் வளைப்பது என்பதில்தான் எல்லோரும் தப்பு செய்வார்கள். அதைக் காதாலேயே கண்டுபிடிக்கும் முறையைப் படங்களோடு மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். சில நூறு பேர் படித்தார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் சலிப்பில், நூறு கட்டுரை எழுதியதில் கற்றுக்கொண்டது என்ன என்று நாற்பது நிமிடத்தில் ஒன்றைத் தட்டிப் போட்டேன். கடிகாரக் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் கொண்டுவராத கூட்டத்தை அது ஒரே வாரத்தில் கொண்டுவந்தது. சும்மா இருப்பேனா? அதே மாதிரி இன்னும் மூன்று எழுதினேன். நான்காவதை முடித்தபோதுதான் உறைத்தது, இரண்டு மாதமாக ஒரு கடிகாரத்தையும் நான் திறக்கவே இல்லை. அந்த நான்கிலும் நான் சொல்லியிருந்த முதல் அறிவுரை, உங்கள் துறையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது.

ஏன் இப்படி ஆகிறது? எழுதுபவர்களுக்குக் காசு தரும் எந்தத் தளத்திலும், தினமும் வந்து உட்கார்ந்து படித்துக் கருத்துச் சொல்லும் கூட்டத்தில் பெரும்பகுதி எழுதுபவர்கள்தான். கடிகாரம் நின்றுபோனவர் தேடி வருவார், படிப்பார், கடிகாரம் ஓடியதும் போய்விடுவார். கை தட்ட மாட்டார், பின்தொடர மாட்டார். எழுத்தாளராக வேண்டும் என்று நினைப்பவருக்கோ தினமும் நின்றுபோன கடிகாரம்தான். தினமும் வருவார். எனவே எழுத்தைப் பற்றிய எழுத்துக்கு எந்தத் தளத்திலும் தயாராக ஒரு சந்தை காத்திருக்கிறது. வேறு எந்தத் துறைக்கும் இந்த வசதி கிடையாது.

யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதிப் போடும் மீடியம் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ட்விட்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான இவான் வில்லியம்ஸ் 2012-இல் தொடங்கியது. எழுதுபவர்களுக்குப் பணம் தரும் திட்டம் 2017-இல் வந்தது. வாசகர் மாதம் 5 டாலர் கட்ட வேண்டும். 2021-இல் இன்னொரு ஏற்பாடு சேர்ந்தது. உங்கள் சுட்டி வழியாக ஒருவர் சந்தா கட்டினால், அதில் ஏறக்குறைய பாதி மாதாமாதம் உங்களுக்கு. இப்போது யோசியுங்கள், யாரைச் சேர்ப்பது சுலபம்? கவிதை படிக்க ஆசைப்படுகிறவரையா, எழுதிக் காசு பார்க்க ஆசைப்படுகிறவரையா? 'மாதம் இவ்வளவு சம்பாதித்தேன்' என்று மேலே ஒரு கதை, 'நீங்களும் தொடங்க இந்தச் சுட்டி' என்று கீழே ஒரு வரி. கட்டுரையே ஆள்சேர்ப்பு நோட்டீஸ் ஆகிவிட்டது. 2023-இல் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் எழுதிய வெற்றிக் கதைகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன, தேடினால் முதலில் வந்து நிற்கின்றன. நீங்கள் படிப்பதில் எத்தனை அந்தக் காலத்துச் சரக்கு என்று தேதியைப் பாருங்கள்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்கள். இந்தப் பல்லி விழுவதில்லை. சகுனம் சொல்வதற்கே கூலி வாங்கிக்கொண்டு சுவரிலேயே சௌக்கியமாக இருக்கிறது.

இணையம் வந்துதான் இது கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1961-இல் ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூல் என்று ஒன்று தொடங்கினார்கள். தபால் வழி எழுத்துப் பயிற்சி. பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரம் வரும். பெயர் பெற்ற எழுத்தாளர்களின் படம் போட்டிருக்கும், எழுத ஆசைப்படுகிறவர்களைத் தேடுகிறோம் என்று வாசகம் இருக்கும். திறனறித் தேர்வு ஒன்றும் உண்டு. எழுதி அனுப்பினால் விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்கே வந்துவிடுவார், கமிஷனுக்கு வேலை செய்கிறவர். கட்டணம் பல நூறு டாலர், அன்றைய மதிப்பில். ஜெசிகா மிட்ஃபோர்ட் என்ற பத்திரிகையாளர் இதைத் துருவி, 1970 ஜூலை அட்லான்டிக் இதழில் எழுதினார். படத்தில் இருந்த பிரபலங்களுக்கும் மாணவர்களின் தாளைத் திருத்துவதற்கும் சம்பந்தமே இல்லை. திருத்தியவர்கள் பெயர் தெரியாத ஊழியர்கள். மாணவர்கள் சுமார் 65,000 பேர். அத்தனை பேரும் ஒழுங்காகப் பாடங்களை எழுதி அனுப்பியிருந்தால் பள்ளியால் சமாளித்திருக்கவே முடியாது. பெரும்பாலோர் பணம் கட்டிவிட்டு நடுவிலேயே விட்டுவிடுவார்கள் என்ற கணக்கில்தான் முழு வியாபாரமும் ஓடியது.

அந்தக் கட்டுரையில் எனக்கு மறக்காத இடம் ஒன்று. விளம்பரத்தில் இருந்த பிரபலங்களில் பென்னட் செர்ஃப் ஒருவர், ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பள்ளியில் படித்தவர்களின் புத்தகம் எதையாவது உங்கள் பதிப்பகம் போட்டிருக்கிறதா என்று மிட்ஃபோர்ட் கேட்கிறார். விளையாடுகிறீர்களா, நாங்கள் புத்தகம் போடும் அளவுக்கு எழுதத் தெரிந்தவர் தபாலில் எழுதக் கற்றுக்கொண்டிருப்பாரா என்கிற மாதிரி பதில் வருகிறது. இரண்டு வருடத்தில், 1972-இல், பள்ளி திவால்.

உங்கள் 300 டாலர் வகுப்புக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். போன தடவை படித்தவர்கள் இப்போது எதைப் பற்றி எழுதுகிறார்கள்? வெற்றி பெற்றவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார். ஒவ்வொருவர் பக்கமாகத் திறந்து பாருங்கள். அதில் எத்தனை பேர் இப்போது எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சமையல், சட்டம், சரித்திரம், மீன் வளர்ப்பு என்று வேறு ஏதாவது எழுதி நாலு பேராவது தேறியிருந்தால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், போய்ச் சேருங்கள்.

அறிவுரைக்கு ஆயுளும் குறைவு. தளம் எதற்குக் காசு தருகிறதோ அந்த உருவத்துக்கு எழுத்து வளையும். தளம் மனதை மாற்றிக்கொண்டால் நேற்றைய ரகசியம் இன்றைக்குக் குப்பை. மீடியத்தில் முதலில் வாசகர் அழுத்தும் கைதட்டல் பொத்தானை வைத்துப் பணம் பிரித்தார்கள், 2019 இறுதியில் படிக்கும் நேரத்துக்கு மாறினார்கள், 2023-இல் மறுபடி மாற்றினார்கள். மாதச் சந்தா கட்டிப் புத்தகம் படிக்கும் அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் 2014-இல் வந்தபோது, வாசகர் புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே எழுதியவருக்கு ஒரு முழுத் தொகை. முப்பது பக்கப் புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கு மூன்று பக்கம். ஆகவே குட்டிப் புத்தகம் எழுது, பெரியதை ஐந்தாக வெட்டு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 2015 ஜூலையில் படித்த பக்கத்துக்குக் காசு என்று மாற்றினார்கள். உடனே அதே ஆட்கள் தடிமனான புத்தகம் எழுது என்றார்கள். கேள்வி-பதில் தளமான கோரா 2018-இல் கேள்வி கேட்பவர்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்ததும் என்ன ஆயிற்று என்று அங்கே பதில் எழுதிக்கொண்டிருந்தவர்களைக் கேளுங்கள், பெருமூச்சு விடுவார்கள். மழை மாதிரி கேள்வி, மனிதன் கேட்கிற கேள்வியாக ஒன்றும் இருக்காது.

சரி, 'இவ்வளவு சம்பாதித்தேன்' என்று இவர்கள் போடும் அந்த வருமான ஸ்கிரீன்ஷாட். எல்லோரையும் விழவைப்பது அதுதான், என்னையும் விழவைத்தது. அதில் ஒரு மாதம் தெரியும், மற்ற பதினொன்று தெரியாது. மொத்தம் தெரியும், எந்தக் கட்டுரைக்கு எவ்வளவு என்பது தெரியாது. பிடித்தம் போக மிச்சம் என்ன என்பதும் தெரியாது. எழுத்தை மின்னஞ்சலில் அனுப்பிச் சந்தா வாங்க உதவும் சப்ஸ்டாக் தளத்தில் மாதம் 5 டாலர் சந்தா என்று வையுங்கள். தளத்துக்கு 10 சதவீதம், 50 சென்ட். பணப்பரிமாற்றத்துக்கு 2.9 சதவீதமும் அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 30 சென்டும். சிறிய சந்தாவில் இந்த 30 சென்ட்தான் கடிக்கும். கையில் நிற்பது ஏறக்குறைய 4 டாலர். இலவசமாகப் படிக்க ஆயிரம் பேர் சேர்ந்து, அதில் 5 சதவீதம் பேர் காசு கட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம், இது மோசமான கணக்கு இல்லை. ஐம்பது பேர், மாதம் 200 டாலர். அந்த ஆயிரம் பேரைச் சேர்க்க எத்தனை மாதம் என்பது தனிக் கதை. மீடியமே ஆரம்ப வருடங்களில் தன் எழுத்தாளர்களுக்கு மாதாமாதம் ஒரு கணக்கு அனுப்பும். அந்த மாதம் எழுதியவர்களில் 100 டாலருக்கு மேல் பார்த்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஒளிக்காமல் சொன்னார்கள், அதைப் பாராட்ட வேண்டும். அந்தப் பத்தில் ஒருவர்தான் மற்ற ஒன்பது பேருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

இதனால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது, ஆசைப்பட்டவன் நாலு மாதம் எழுதிப் பார்க்கிறான், போகட்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 2023 பிப்ரவரியில் அந்த எண்ணம் போய்விட்டது. கிளார்க்ஸ்வேர்ல்ட் என்று ஓர் அறிவியல் புனைகதை இதழ். நீல் கிளார்க் 2006-இலிருந்து நடத்துகிறார். வார்த்தைக்கு 12 சென்ட் தந்தது, அந்தத் துறையில் நல்ல விலை. புது எழுத்தாளர் யார் வேண்டுமானாலும் கதை அனுப்பலாம், அதுதான் அதன் பெருமை. சாட்ஜிபிடி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இயந்திரத்தில் எழுதிய கதைகள் வந்து குவிந்தன. பிப்ரவரி 20-க்குள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஒழுங்கான கதைகள் சுமார் 700, இயந்திரக் கதைகள் சுமார் 500. அன்றைக்கே கதவை மூடிவிட்டார், மார்ச்சில்தான் திறந்தார். இந்த 500 பேர் யார் என்பதற்கு அவர் சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள். அறிவியல் கதை வாசகர்களோ எழுத்தாளர்களோ இல்லை. வீட்டிலிருந்தே சுலபமாகப் பணம் பண்ணலாம் என்று வீடியோவும் பதிவும் போடுகிறவர்கள், கதைக்குக் காசு தரும் பத்திரிகை என்று பெயரைச் சொல்ல, அதைக் கேட்டு அனுப்பியவர்கள். வீடியோ போட்டவருக்கு வியூஸ் வந்தது, காசு வந்தது. அனுப்பிய 500 பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, தடைதான் கிடைத்தது. சுமை ஆசிரியர் தலையில். முதல் கதையை ஒரு வருடம் செதுக்கி, அனுப்பலாம் என்று அன்றைக்கு வந்து பார்த்த ஒருவருக்குக் கதவு மூடியிருந்தது. அவருக்குத்தான் நான் வருத்தப்படுவேன். அதே வருடம் செப்டம்பரில் அமேசான், ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் வெளியிடக் கூடாது என்று வரம்பு போட்டது. ஒரு நாளைக்கு மூன்று! அதற்கு மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்றால் யாருடைய அறிவுரை அது?

எல்லாமே குப்பை என்று சொல்லிவிட்டால் சுலபம், ஆனால் நியாயம் இல்லை. நீங்கள் செய்து பார்த்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாக்கியத்துக்கு ஒரு பத்தி என்பது லிங்க்ட்இன், ஃபேஸ்புக் மாதிரி இடங்களுக்கு ஏற்பட்டது. அங்கே முதல் சில வரிகள்தான் தெரியும், மீதியைப் படிக்கத் தட்ட வேண்டும். தட்டவைக்கும் கொக்கி வேண்டும் என்பதற்காக வந்த உத்தி. கணக்கு சொல்லிக்கொடுக்கும் கட்டுரையை அப்படி உடைத்தால் படிப்பவருக்கு எது காரணம், எது விளைவு என்றே தெரியாது. தூக்கிப் போடுங்கள். தலைப்பில் எண் வைப்பதில் தப்பில்லை, உள்ளே உண்மையிலேயே ஏழு விஷயம் இருந்தால். மூன்றுதான் இருக்கிறது, எண்ணுக்காக நான்கைச் சேர்த்தேன் என்றால் வாசகர் ஐந்தாவதில் எழுந்து போய்விடுவார்.

தினமும் எழுது என்பது கொஞ்சம் சிக்கலானது. கை பழகுவதற்கு நல்லது, நான் மறுக்க மாட்டேன். தினமும் வெளியிடு என்பது வேறு. அது லாட்டரி டிக்கெட் கணக்கு, எது ஓடும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே நிறைய வாங்கு. எழுத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு அது கட்டுப்படியாகும், அவர் எங்கேயும் போய் எதையும் பார்த்துவிட்டு வர வேண்டியதில்லை, நேற்று எழுதியதே இன்றைக்குச் சரக்கு. உங்களுக்கு ஒரு குழந்தையோடு உட்கார்ந்து, அது எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்தால்தான் எழுத விஷயம் கிடைக்கும். அதற்கு வாரம் ஆகும். ஆகட்டும்.

ஒரே ஓர் அறிவுரை எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் சரி என்று படுகிறது. வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலை உங்கள் கையில் வைத்திருங்கள், எழுதியதற்கு ஒரு நகலும் வைத்திருங்கள். தளங்கள் சாகும். கூகுள் நடத்திய நோல் என்ற கட்டுரைத் தளம் 2012-இல் போயிற்று. அசோசியேட்டட் கன்டென்ட் என்ற தளத்தில் லட்சக்கணக்கில் கட்டுரைகள் இருந்தன. 2010-இல் யாகூ வாங்கியது, பெயரை மாற்றியது, 2014-இல் மூடிவிட்டது. அங்கே எப்படி ஜெயிப்பது என்று எழுதிய கட்டுரைகளும் கூடவே போயின.

யாரைப் படிக்கலாம் என்று கேட்பீர்கள். ஒருவர் கடைசியாக எழுதிய முப்பதை வரிசையாகத் திறந்து, எழுத்து, வருமானம், ஃபாலோயர் பற்றியவற்றை ஓரமாகத் தள்ளுங்கள். மிச்சம் இருபதாவது இருந்து, அவை உங்களைக் கடைசி வரை இழுத்துப் போனால், அவர் எழுத்தைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அவருடைய வெற்றிக்குச் சான்று அவரைப் படிக்கும் நீங்கள்தான், வேறொன்றும் கிடையாது. (இந்தப் பதிலும் எழுத்தைப் பற்றிய அறிவுரைதான், கடிகாரத்தைவிட அதிகம் பேர் படிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். என்னுடைய முப்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.)

இப்போது உங்கள் எழுத்து. நீங்கள் அனுப்பிய ஆறையும் படித்தேன். ஐந்து, அந்த வகுப்புக்காரர் எழுதிய மாதிரியே இருக்கிறது. முதல் வரியில் அதிர்ச்சி, அப்புறம் ஒற்றை வரிகள், கடைசியில் உற்சாகம். குழந்தையும் காணோம், கணக்கும் காணோம். ஆறாவது, பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது பற்றி யார் பேச்சையும் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுதியது. அரை லிட்டரில் கால் லிட்டர் எத்தனை தடவை அடங்கும் என்று தண்ணீரை ஊற்றிக் காட்டுகிறீர்கள், குழந்தை 'அப்ப பதில் பெரிசா வருதே!' என்று ஆச்சரியப்படுகிறது, அங்கே நீங்கள் அவசரப்படாமல் நின்று பேசுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு மாதம் இரண்டு மூன்று பெற்றோர் இன்னமும் கடிதம் எழுதுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேதான் நின்றேன். எட்டு மாதத்தில் இருபது கடிதமாவது வந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்து ஒன்றாக வையுங்கள். தண்ணீர் சரி, ஆனால் ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று என் மகளுக்குச் சொல்ல முடியவில்லை என்று ஒரு அம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். அவருக்கு என்ன பதில் போட்டீர்கள்? அதை எனக்கும் அனுப்புங்கள்.